பாதையும் பயணியும்: திருகோணமலைப் பிரதேசப் போக்குவரத்துத் திட்டமிடலில் பொதுமக்கள் பங்கு

ஆறும் வாவியும் குடாவும் சூழ்ந்த கிழக்கிலங்கைப் பகுதிகளில் 'பாதை' என்னும் சொல்லுக்கு ஒரு சிறப்புப் பொருள் உண்டு. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைப் படகையும் அங்குள்ளோர் பாதை என்றே அழைப்பர். தரைவழி நீரில் அறுபடும் இடத்தில் அதனைத் தொடர்ந்து செல்லும் மிதவையும் வழியின் ஒரு பகுதியே என்ற உணர்வு இவ்வழக்கிலே பொதிந்துள்ளது. திட்டமிடுவோரின் வரைபடத்தில் வீதி ஒரு கோடாகவும் நீர் ஒரு தடையாகவும் தோன்றும். அன்றாடம் கடந்து செல்பவருக்கோ இரண்டும் சேர்ந்ததே பயணம்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியாவிலுள்ள குறிஞ்சாக்கேணியில் அத்தகைய இழுவைப் படகு ஒன்று கவிழ்ந்தது. அங்கிருந்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் பணி அவ்வாண்டு தொடங்கியிருந்தது. அப்பணி நடைபெற்ற காலத்தில் மக்கள் நீரைக் கடப்பதற்கு அப்படகையே பயன்படுத்தி வந்தனர். படகில் இருந்தோரிற் பலர் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள். அன்றைய தினமே 6 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மாணவர். இறந்தோர் தொகை பின்னரும் உயர்ந்தது.

இத்துயரத்தை ஒரு படகின் குறைபாடாகவோ ஒரு படகோட்டியின் கவனயீனமாகவோ மட்டும் கருதி அமைதல் இலகு. அவற்றை விசாரிப்பதற்கு நீதிமன்றமும் பொலிசும் உள்ளன. ஆயின், அதற்கு முந்திய வினா ஒன்று உண்டு. மக்களின் நலனுக்காகவே தொடங்கப்பட்ட ஒரு பாலப்பணி, அது முடியும்வரை அம்மக்களின் பிள்ளைகள் எவ்வாறு பாடசாலைக்குச் செல்வர் என்பதற்கு உறுதியான விடையின்றி நடைபெற்றது எங்ஙனம்? இவ்வினாவைத் திட்டத்தின் முதல் நாளிலேயே எழுப்பக்கூடியவர்களாக இருந்தோர், அத்துறையைக் கடந்து சென்ற தாய்மாரும் ஆசிரியரும் மீனவருமே. பிரதேசப் போக்குவரத்துத் திட்டமிடலில் பொதுமக்களின் பங்கு பற்றிய ஆய்வு இவ்விடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. நீர் வகுத்த பிரதேசம்

திருகோணமலையின் போக்குவரத்துப் பிரச்சினையை விளங்கிக்கொள்ள அதன் நிலவியல்பைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம். நகரம் ஒரு மூவலந்தீவின்மீது அமைந்தது. அதன் மேற்கிலும் தெற்கிலும் இயற்கைத் துறைமுகத்தின் உட்கடல். அதற்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மேற்கே உள்நோக்கி நுழைந்திருப்பது தம்பலகாமக் குடா. இக்குடாவின் வாயிலை அணுகியே கிண்ணியா அமைந்துள்ளது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர். மகாவலி கங்கை அதற்கு அண்மையிலேயே கடலோடு கலக்கின்றது. மேலும் தெற்கே வெருகலாறு. வடக்கே நிலாவெளிக்கு அப்பால் இறக்கண்டிக் களப்பு, அதற்கும் அப்பால் புல்மோட்டைப் பக்கமாக யான் ஓயாவின் கழிமுகம்.

நகரத்தின் உயரமான இடமொன்றில் நின்று பார்ப்பவருக்கு மறுகரை கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே தெரியும். அங்கு சென்றடைவதோ வேறு கதை. பாலங்கள் இல்லாத காலத்தில் மூதூருக்குச் செல்வோர் குடாவை லோஞ்சில் கடந்தனர்; அல்லது கந்தளாய் வழியாக நீண்ட சுற்றுப் பயணம் மேற்கொண்டனர். மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோர வீதியிலே கிண்ணியா முதல் வெருகல் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு துறையிற் பாதை தாமதித்தால் அன்றைய பயணமே பிழைத்துவிடும்.

2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இம்மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தினரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. 11 பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் பரந்து வாழும் இம்மக்களுக்குப் பொது வைத்தியசாலை, கச்சேரி, நீதிமன்றம், பெரிய சந்தை என்பன பெரும்பாலும் நகரத்தையே மையமாகக் கொண்டுள்ளன. எனவே ஒரு துறை மூடப்படுவது என்பது ஒரு வீதி மூடப்படுவதினும் பாரதூரமானது. மகப்பேற்றுக்குச் செல்லும் பெண், விடியற்காலை மீனை ஏலத்துக்குக் கொண்டுசெல்பவர், சாட்சி சொல்ல நீதிமன்றம் செல்பவர் ஆகிய எல்லோருடைய நாளும் அத்துறையிலேயே நிர்ணயிக்கப்படுகின்றது.

2. யாருக்காக அமைந்த வழிகள்?

இப்பிரதேசத்தின் பெருவழிகள் எவருடைய தேவைக்காக அமைக்கப்பட்டன என்ற வினா வரலாற்று முக்கியத்துவம் உடையது. குடியேற்ற ஆட்சியாளர் திருகோணமலையைக் கடற்படைத் தளமாகவே மதித்தனர். 1920களின் பிற்பகுதியில் கல்லோயாச் சந்தியிலிருந்து நகரத்துக்கு வந்துசேர்ந்த புகையிரதப் பாதையும், சீனன்குடாவிலே எழுந்த எண்ணெய்த் தாங்கிகளும், விமானத் தளமும் பேரரசின் பாதுகாப்புத் தேவைகளோடு பின்னிப் பிணைந்தவை. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியமை அதன் போர்த்தந்திர முக்கியத்துவத்தையே உணர்த்திற்று. 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தனர். ஆயினும், நகரத்தைத் துறைமுகத்தின் துணை உறுப்பாக நோக்கும் மனப்பாங்கு அவர்களோடு கப்பலேறிவிடவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் எழுந்த திட்டங்கள் பலவும் கைத்தொழில் வலயம், உல்லாசப் பிரயாணம், எண்ணெய்க் களஞ்சியம், துறைமுக விரிவு ஆகியவற்றையே முதன்மைப்படுத்தின. அண்மைக் காலத்தில் சிங்கப்பூர் நிறுவனமான சுர்பானா ஜூரோங் நகர அபிவிருத்தி அதிகார சபைக்காகத் திருகோணமலைக்கெனப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. இவை வேண்டப்படாதவை என்பது எமது வாதமன்று. துறைமுகத்தைப் பற்றிச் சிந்திக்குமளவுக்குத் துறையடியில் நிற்பவரைப் பற்றியும் சிந்திக்கப்பட்டதா என்பதே கேட்கத்தக்கது.

மக்கள் போக்குவரத்தின் பொருட்டு அரசு செய்த மிகப் பெரிய தலையீடு 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகளைத் தேசியமயமாக்கியமையாகும். இலாபம் தராத கிராமத்துக்கும் பஸ் செல்ல வேண்டும் என்ற கொள்கைக்கு அது இடமளித்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், வருமானம் மிக்க வழிகளும் நேரங்களும் போட்டிக்குரியனவாயின. ஏனையவை கைவிடப்படும் அபாயத்துக்குள்ளாயின. எந்தக் கிராமத்துக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் வேண்டும் என்பதை இலாபக் கணக்கும் தீர்மானிக்கலாம், அலுவலகக் கோப்பும் தீர்மானிக்கலாம். அக்கிராமத்தவரிடம் அதனைக் கேட்டறியும் ஒழுங்கு இரு காலங்களிலுமே வலுவாக இருக்கவில்லை.

பின்னர் போர் வந்தது. சோதனைச் சாவடிகளும் தடைப்பட்ட துறைகளும் இடப்பெயர்வும் பயண உரிமையையே கேள்விக்குள்ளாக்கின. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் கிண்ணியாவையும் மூதூரையும் கடுமையாகத் தாக்கிற்று. 2006இல் மூதூர்ப் பகுதி மீண்டும் போர்க்களமாயிற்று. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில் சவூதி நிதியுதவியுடன் அமைந்த 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நாட்டின் மிக நீண்ட பாலம் எனப் போற்றப்பட்ட அது, தலைமுறைகளாகத் துறையிற் காத்துநின்ற மக்களுக்குப் பெரும் விடுதலையாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. தொடர்ந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன.

எனினும் ஓர் உண்மை கவனிக்கற்பாலது. பெருவீதிகளின் துறைகள் பாலங்களான பின்னரும், கிராமங்களை இணைக்கும் சிறு துறைகளின் நிலை அவ்வேகத்தில் மாறவில்லை. 396 மீற்றர் பாலம் எழுந்த அதே கிண்ணியாவில், 12 ஆண்டுகளின் பின்னர், மாணவர் இழுவைப் படகிலிருந்து நீரில் வீழ்ந்து மாண்டனர். பெரும் பாலத்தின் பெருமையும் சிறு துறையின் அவலமும் ஒரே ஊரில் அடுத்தடுத்து இருந்தமை, திட்டமிடலில் எதற்கு முதலிடம், எதற்குக் கடையிடம் என்பது எங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்று சிந்திக்க வைக்கின்றது.

3. பங்குபற்றல் என்பதன் பொருள்

பொதுமக்கள் பங்குபற்றல் என்ற தொடர் இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் இடம்பெறுகின்றது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் சொல்லாகிவிட்டமையாலேயே அதன் பொருள் தேய்ந்துவிட்டது எனலாம். இதனைத் தெளிவுபடுத்தும் வகையில், 1969இல் அமெரிக்க ஆய்வாளர் செரி ஆர்ன்ஸ்டைன் பங்குபற்றலை 8 படிகளைக் கொண்ட ஏணியாக உருவகித்தார். அடிப்படிகளில் மக்கள் கையாளப்படுகின்றனர், ஆறுதல் கூறப்படுகின்றனர். நடுப்படிகளில் அவர்களுக்குத் தகவல் தரப்படுகின்றது. அவர்தம் கருத்துக் கேட்கப்படுகின்றது. ஆயினும் முடிவு வேறிடத்திலேயே உள்ளது. மேற்படிகளிலேதான் மக்கள் பங்காளிகளாகின்றனர். அதிகாரத்தின் ஒரு பகுதி அவர்கள் கைக்கு மாறுகின்றது. அதே ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த ஸ்கெவிங்டன் குழு அறிக்கையும், திட்டங்கள் வரையப்படும் நிலையிலேயே மக்களுக்கு அறிவிக்கப்பட்டு அவர்தம் கருத்துப் பெறப்பட வேண்டும் என வலியுறுத்தியது. அக்காலத்தில் நெடுஞ்சாலைகள் நகரக் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றமைக்கு எதிராக மேனாடுகளில் எழுந்த கிளர்ச்சிகளே இச்சிந்தனைகளுக்குக் களம் அமைத்தன.

எமது அயலிலும் இதற்கு உதாரணம் உண்டு. கேரள மாநிலத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியின் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானதை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்து, கிராம சபைகளில் தேவைகளை ஆராய வைத்தது. அவ்வியக்கத்தின் குறைநிறைகள் பற்றி விவாதங்கள் உள. ஆயினும் நிதியின்றி ஆலோசனை மாத்திரம் கேட்பது பங்குபற்றல் ஆகாது என்பதை அது நடைமுறையிற் காட்டிற்று.

பங்குபற்றலுக்கு ஆதரவாக வழக்கமாகக் கூறப்படுவது சனநாயக நியாயம்: பாதிக்கப்படுபவருக்குப் பேசும் உரிமை உண்டு என்பது. இந்நியாயம் சரியானதே. ஆயின் போக்குவரத்துத் துறையில் இதனோடு அறிவு சார்ந்த நியாயம் ஒன்றும் சேர்கின்றது. வாகனங்களின் எண்ணிக்கையைப் பொறியியலாளர் கணக்கிட முடியும். ஆனால் பயணமே மேற்கொள்ளாமல் விடப்பட்டவை அக்கணக்கில் விழுவதில்லை. மாலை வகுப்புக்குச் செல்ல அஞ்சி வீட்டிலிருந்த மாணவி, கடைசி பஸ் போய்விடும் என்பதால் வைத்தியரைக் காணாது திரும்பிய முதியவர் ஆகியோர் எந்த வாகனக் கணக்கெடுப்பிலும் தோன்றார். நவம்பரிலே வாடை தொடங்கி நீர் பெருகும்போது எத்துறை எவ்வாறு மாறும் என்பது அத்துறையில் வலை வீசுபவருக்குத் தெரியும். இவ்வறிவு ஆவணங்களில் இல்லை; மக்களிடம் உள்ளது. அதனைப் பெறாத திட்டம் நியாயக் குறைவுடையது மட்டுமன்று, தகவற் குறைவுடையதுமாகும்.

4. சட்டம் திறந்துவைத்துள்ள வாயில்கள்

இலங்கைச் சட்டத்திலே பொதுமக்கள் நுழையக்கூடிய வாயில்கள் இல்லை எனக் கூறமுடியாது. அவற்றுள் மூன்றினை இங்கு நோக்குவோம்.

முதலாவது, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம். 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தத்தின்மூலம் சுற்றாடற் தாக்க மதிப்பீடு சட்டத்தின் பகுதியாயிற்று. விதித்துரைக்கப்பட்ட செயற்றிட்டங்கள் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டு 30 நாட்களுக்குள் கருத்துரைக்கலாம். ஆயின் வீதிகளைப் பொறுத்தவரை, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளே இவ்வகையுள் அடங்குவன. வீதியின் நீளத்தையே இவ்வளவுகோல் பார்க்கின்றது. அவ்வீதியில் எத்தனை பேருடைய வாழ்வு தங்கியுள்ளது என்பது அதற்குப் புலப்படுவதில்லை. சில நூறு மீற்றர் நீரைக் கடக்கும் ஒரு கிராமப் பாலம், தனி வீதித் திட்டமாக, இந்த அளவைக்குள் வருவதரிது.

இரண்டாவது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் 1982ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் திருத்தமும். இதன்படி, பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்கான அபிவிருத்தித் திட்ட வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 60 நாட்களுக்குள் ஆட்சேபங்கள் பெறப்படும். ஆயின் அவ்வேளையில் வரைபடங்கள் வண்ணம் தீட்டப்பட்டு முடிந்திருக்கும். முடிந்த வரைபடத்தின்மீது ஆட்சேபம் தெரிவித்தல் வேறு, வெறுந்தாளின்மீது தேவையை எழுதுதல் வேறு.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதன் 9ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது. எமது நோக்கில் மிக முக்கியமானது. வெளிநாட்டு நிதியாயின் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியாயின் 5 இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட செயற்றிட்டங்களைப் பற்றிய தகவல்களை, அவை தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியோருக்கும் அறிவித்தல் துறைசார்ந்த அமைச்சரின் கடமை என அது விதிக்கின்றது. அவசரத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. எந்தவொரு பாலத்தின் செலவும் இவ்வரம்பை எளிதில் தாண்டும். எனவே துறை மூடப்படுவதற்கு 3 மாதங்களுக்கு முன்னர் அத்துறையைப் பயன்படுத்துவோருக்கு விபரமறிவித்தல் சலுகையன்று; சட்டக் கடமை. இதனைப் பயன்படுத்த மக்கள் பழகுவார்களாயின், ஏனைய இரு வாயில்களிலும் காணப்படும் குறைகள் ஓரளவு நிவர்த்தியாகும்.

நீதிமன்றமும் இத்துறையில் வழிகாட்டியுள்ளது. தெற்கு அதிவேகப் பாதையின் வழித்தடம், மதிப்பீட்டுக்கு உட்பட்ட தடத்திலிருந்து சில இடங்களில் விலகி அமைந்தபோது, காணிகளை இழக்கவிருந்தோர் தமக்கு அறிவித்தலோ விசாரணையோ அளிக்கப்படவில்லை என வழக்காடினர். 2004 ஜனவரியில் மண்டி வழக்கில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அவர்கள் செவிமடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை ஏற்று நட்டஈடு வழங்கப் பணித்தது. தடம் மாறவில்லை, வேலை முன்னேறிவிட்டது. பங்குபற்றல் தாமதமானால் உரிமை நட்டஈடாகச் சுருங்கிவிடும் என்பதே இத்தீர்ப்பிலிருந்து திருகோணமலை கற்க வேண்டிய பாடம். குறிஞ்சாக்கேணியில் ஏற்பட்டது போன்ற இழப்புக்கோ நட்டஈடும் ஈடாகாது.

5. பேசுவதற்கு மன்றம் எங்கே?

சட்டத்தில் வாயில் இருப்பினும், உள்ளே சென்று அமர்வதற்கு ஒரு மன்றம் வேண்டும். பிரதேச மட்டத்தில் அத்தகைய மன்றம் எதுவென ஆராயின் நிலைமை கவலைக்கிடமானது. ஒரே பயணத்தைப் பல நிறுவனங்கள் துண்டாடி வைத்துள்ளன. தேசிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அடுத்த தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்திடமும், ஏனையவை உள்ளூராட்சி மன்றங்களிடமும் உள்ளன. மாகாணங்களுக்கு இடைப்பட்ட பஸ் சேவைகளை 1991ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒழுங்குபடுத்துகின்றது. மாகாணத்துக்குள் ஓடுவன மாகாண அதிகார சபைக்குரியன. புகையிரதமும் துறைமுகமும் கொழும்பின் நேரடி ஆளுகைக்குட்பட்டவை. பாலம் கட்டுபவர் ஒருவர். பாலம் கட்டப்படும்வரை படகுக்குப் பொறுப்பானவர் இன்னொருவர். பாடசாலை நேரத்தை நிர்ணயிப்பவர் மற்றொருவர். நிறுவனங்களுக்கிடையிலான இந்த இடைவெளியிலேதான் பயணி நிற்கின்றார்.

இவற்றை ஒருங்கிணைக்கக்கூடிய மக்கட் பிரதிநிதித்துவ அமைப்பாக 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபையைத் தோற்றுவித்தது. கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல்கள் நடைபெற்றன. 2017 செப்டெம்பரில் அதன் பதவிக்காலம் முடிந்தபின்னர் நெடுங்காலமாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. நிர்வாகம் ஆளுநரின் பொறுப்பிலேயே நடந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல்வரை மக்கட் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. அதற்கு முன்னர் 1980ஆம் ஆண்டின் சட்டத்தின்மூலம் உருவான மாவட்ட அபிவிருத்திச் சபைகளும் அதிகாரமும் நிதியுமின்றி நலிந்தன. பிரதேச மட்டத்திலே மக்கள் மன்றம் அமைவதும் பின்னர் வெறுமையாவதும் ஒரு வரலாற்றுத் தொடராகவே காணப்படுகின்றது. இந்நிலையில் பாராளுமன்ற உறுப்பினரின் தனிப்பட்ட செல்வாக்கே மக்களின் வேண்டுகோளுக்கு வழியாகின்றது. உரிமையாகக் கேட்க வேண்டியதை உதவியாகக் கேட்கும் பழக்கம் இவ்வாறே வேரூன்றுகின்றது.

பேசும் மன்றம் கிடைத்தாலும் அங்கு யார் பேசுவர் என்ற வினா தொடர்கின்றது. 1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாக்கிற்று. ஆயின் திட்டத்தின் பொறியியல் ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அதன் இரண்டு பக்கச் சுருக்கம் மாத்திரம் தமிழில் வருமாயின், மக்கள் விவாதிப்பது திட்டத்தையன்று, அதன் நிழலையே. அன்றியும், கூட்டம் வேலைநாளிற் காலை 10 மணிக்குக் கச்சேரியில் நடைபெற்றால் கூலித் தொழிலாளரும் மீனவரும் வாரார். மாலையில் நகரத்தில் நடைபெற்றால் தூரக் கிராமத்துப் பெண்கள் வீடு திரும்ப பஸ் இராது. போக்குவரத்தின் குறைபாடே போக்குவரத்துக் கூட்டத்துக்கு வரவிடாமற் செய்யும் விந்தையை இங்கு காணலாம்.

மூன்று சமூகங்கள் வாழும் இம்மாவட்டத்தில் வீதி என்பது ஒருபோதும் வெறும் தாரும் கல்லும் அன்று. ஒரு வீதி எந்தக் கிராமத்தினூடாகச் செல்கின்றது, எதனைத் தவிர்த்துச் செல்கின்றது என்பதை மக்கள் காணி, குடியேற்றம், பாதுகாப்பு ஆகியவற்றின் நினைவுகளோடு சேர்த்தே வாசிப்பர். முடிவுகள் மூடிய அறையில் எடுக்கப்படும்போது ஐயம் வளர்கின்றது. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் சிரமம் மூன்று மொழிகளிலும் ஒன்றே. கந்தளாய் விவசாயியும் தோப்பூர் ஆசிரியரும் சம்பூர்ப் பெண்ணும் ஒரே மேசையில் நேர அட்டவணையைப் பற்றிப் பேசுவது, அரசியல்வாதிகளின் நல்லிணக்கச் சொற்பொழிவுகளினும் பயன்மிக்க பயிற்சியாகலாம்.

6. ஆட்சேபங்கள் சில

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மக்களைக் கேட்டால் திட்டங்கள் தாமதமாகும் என்பர். உண்மையே, சில மாதங்கள் தாமதமாகலாம். ஆயின் வழக்கும் எதிர்ப்பும் விபத்தும் ஏற்படுத்தும் தாமதம் அதனினும் நீண்டது. இது நிபுணர்களின் துறை என்பர். பாலத்தூணின் ஆழத்தை வாக்கெடுப்பினால் தீர்மானிக்க வேண்டுமென எவரும் கோரவில்லை. எங்கே பாலம் முதலில் வேண்டும், அது கட்டப்படும்வரை எவ்வழியாகச் செல்வது, முடிந்தபின் பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்பன நிபுணர் மட்டும் விடையளிக்கக்கூடிய வினாக்களல்ல. கூட்டங்களை வசதி படைத்தவரும் கட்சிக்காரரும் கைப்பற்றிக்கொள்வர் என்பது மூன்றாவது ஆட்சேபம். இதுவே வலுவானது. இதற்கு விடை கூட்டங்களைக் கைவிடுவதன்று. யார் வந்தார், யார் வரவில்லை என்பதைப் பதிவுசெய்து, வராதவரிடம் நாமே செல்வதாகும்.

7. செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில ஆலோசனைகளை முன்வைக்கலாம். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை.

முதலாவதாக, எந்தப் பாலமோ துறையோ வீதியோ திருத்தத்துக்காக மூடப்படுமுன் இடைக்காலப் பயண ஒழுங்கு எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். மாற்றுவழி எது, அதன் தூரம் எவ்வளவு, அதில் பஸ் ஓடுமா, படகாயின் அதற்குப் பொறுப்பு யார், எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கிகள் உண்டா, மாரி காலத்தில் என்ன செய்வது என்பன அதில் இருத்தல் வேண்டும். பாடசாலை அதிபரும் வைத்தியசாலையும் மீனவர் சங்கமும் அதனைப் பார்வையிட்டுக் கருத்துரைத்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். வரைபடத்தில் மாற்றுவழி ஒன்று இருப்பது போதாது. காலை 7 மணிக்கு ஒரு பிள்ளை நடந்து செல்லக்கூடிய வழியாக அது இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படியான அறிவித்தல் வர்த்தமானியோடும் இணைய தளத்தோடும் நின்றுவிடாது, துறையடியிலும் பஸ் நிலையத்திலும் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை ஆகியவற்றின் வாயில்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மக்களின் பயணத் தேவை பற்றிய ஆய்வுகள் பிரதேசத்திலிருந்தே எழ வேண்டும். நிலாவெளி கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உள்ளது. மாணவர் தாம் வரும் வழியையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, ஒவ்வொரு துறையிலும் நிறுத்தத்திலும் யார், எங்கு, எதற்காகச் செல்கின்றனர், யார் செல்லாது நின்றுவிட்டனர் என்பதைப் பதிவுசெய்யலாம். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை.

நான்காவதாக, மாவட்ட மட்டத்தில் போக்குவரத்துக்கென ஒரு மக்கள் மன்றம் அமைய வேண்டும். 11 பிரிவுகளிலிருந்தும் பெண்கள், மீனவர், விவசாயிகள், மாற்றுத்திறனாளிகள், மாணவர் ஆகியோருக்கு இடமளித்து, பிரிவுகள்தோறும் மாறிமாறிக் கூடுவதாக அது இருக்கலாம். அதன் பரிந்துரையை ஏற்காத நிறுவனம் காரணத்தை எழுத்திலே தர வேண்டும். காரணம் கூறும் கடமையே ஆலோசனைக்கு வலு அளிக்கும். அக்கடமை இல்லாதவிடத்து மன்றம் ஆர்ன்ஸ்டைனின் ஏணியில் நடுப்படியைத் தாண்டாது.

முடிவுரை

பிரதேசத் திட்டமிடல் என்பது பெரும்பாலும் எதிர்காலத்தைப் பற்றியே பேசுகின்றது. 2030இலே எத்தனை வாகனம், 2050இலே எத்தகைய நகரம் என்றவாறு அதன் நோக்கு விரிகின்றது. பயணியின் எதிர்காலமோ நாளைக் காலையே தொடங்குகின்றது. பாலம் கட்டி முடிக்கப்படும் நாளுக்கும் நாளைக் காலைக்கும் இடைப்பட்ட காலத்தை எந்தப் பெருந்திட்டமும் தன் பொறுப்பாகக் கொள்ளாமையினாலேயே குறிஞ்சாக்கேணி நேர்ந்தது எனக் கூறுதல் மிகையாகாது.

பொதுமக்கள் பங்குபற்றல் அத்தகைய துயரங்களை முற்றாக ஒழித்துவிடும் என நாம் வாதிடவில்லை. அங்கு கூடியிருக்கக்கூடிய ஒரு கூட்டத்தில், தன் பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஒரு தாய் எழுந்து, "பாலம் முடியுமட்டும் இதுகள் எப்படிப் போறது?" என்று கேட்டிருப்பாள். அக்கேள்விக்கு விடை எழுதப்படாமல் வேலை தொடங்கக்கூடாது என்ற விதியே இங்கு வேண்டப்படுவது. அவ்விதியை ஆக்குவது அரசின் கடன். அதனைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடன். இரண்டுக்கும் வேண்டிய அறிவைத் தமிழிலே ஆக்கித் தருவது பல்கலைக்கழகத்தின் கடன்.